தேவிகாவின் நேர்ச்சையும் மூவாயிரம் மீட்டரும்

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில். ஆவணி பிறந்தும் குறைகிற வழியாய் இல்லை. முதல் பீரியட் முழுக்க எலுமிச்சம்பழத்தோடு போயிற்று. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இனி இரண்டு வாரம் எங்கள் பள்ளி வாசல் வழியாகத்தான் போவார்கள். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வாசலில் நின்று அவர்களுக்கு சர்பத் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் பொறுப்பு என் தலையில்.

வேண்டியவை: சர்க்கரை. ஐஸ் (வேண்டாம், தொண்டை கட்டும் என்கிறார் தலைமையாசிரியை சிஸ்டர்). பெரிய அண்டா, கான்வென்ட் சமையலறையில் கேட்க. பேப்பர் கப் கூடாதாம், எவர்சில்வர் டம்ளர்தானாம். கழுவுவது யார்?

10-பி ஒளியியல் டெஸ்ட் பேப்பர் இன்னும் திருத்தவில்லை.

மதியம் தேவிகா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். 10-பி, என் வகுப்புப் பெண். அம்மா செல்வி கடலூர் முதுநகர் ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அப்பா லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. தேவிகா படிப்பில் சுமார். ஆனால் மூவாயிரம் மீட்டர் ஓடவிட்டால் மற்றவர்கள் பின்னால் எங்கோ வந்துகொண்டிருப்பார்கள். அடுத்த வியாழன் சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே நன்றாக ஓடினால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், பயிற்சி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பி.டி. சார் லூர்து ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"மிஸ், நாலாந் தேதி என்னால வர முடியாது மிஸ்."

"ஏன்டி?"

"வேளாங்கண்ணிக்கு நடக்கறோம் மிஸ். எனக்காக அம்மா வேண்டிக்கிட்டது."

எனக்குப் பெயர் ஆரோக்கியமேரி. அந்த மாதா பெயரையே வைத்துக்கொண்டு இதுவரை பஸ்ஸிலும் காரிலும்தான் வேளாங்கண்ணி போயிருக்கிறேன், ஒரு தடவை ஏ.சி. காரில். இவர்களோ வீட்டில் முருகன் படம் மாட்டியிருக்கிறவர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் ஜாஸ்தி.

26, செவ்வாய்

பள்ளி விட்டதும் இட்லிக் கடைக்குப் போனேன். செல்வி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

போன வருஷம் தேவிகாவுக்கு டெங்கு. அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்கும் தெரியும், நானும் போய்ப் பார்த்தேன். அப்போது வேண்டிக்கொண்டாளாம்: புள்ள பொழச்சி எழுந்தா ரெண்டு பேரும் வெறுங்கால்ல நடந்து வரோம் தாயே. போன வருஷம் உடம்பு தேறவில்லை என்று நடக்கவில்லை.

"ஒரு வருசம் தள்ளிட்டேன் டீச்சர். இன்னொரு வருசம் தள்ளுனா அவுங்க சும்மா இருப்பாங்களா? வாங்குன கடன் மாதிரி இல்ல இது."

"மாதா அப்படியெல்லாம் கோவிச்சிக்க மாட்டாங்க, செல்வி."

"உங்களுக்கு அவுங்க சொந்தக்காரங்க. நீங்க உரிமையா பேசலாம். நாங்க வெளியில இருந்து கேட்டவங்க. சொன்ன சொல்லு மாறக் கூடாது."

ரெண்டு இட்லி கட்டிக் கொடுத்தாள், சாம்பாரும். வேண்டாம் என்றேன், பையில் வைத்துவிட்டாள். இரவு அதைத்தான் சாப்பிட்டேன். நல்ல இட்லி.

அவரிடம் சொன்னேன் (வீட்டுக்காரர்). டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஃபாதரைக் கூட்டிட்டுப் போ. நேர்ச்சைய மாத்திக் குடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பிந்தி வருகிற மனுஷனுக்குச் சபைச் சட்டம் எல்லாம் தெரிகிறது.

ஆனால் நல்ல யோசனை.

27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, விடுமுறை. தெருவெல்லாம் களிமண் பிள்ளையார், எருக்க மாலை, குடை.

பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். இன்றைக்கா போவது என்று ஃபாதர் வண்டியில் ஏறும்போதே கேட்டார். விடுமுறை அன்றைக்குத்தானே கடை மூடியிருக்கும் என்றேன். போய்ச் சேர்ந்தால் நடுவீட்டில் பிள்ளையார், ஊதுபத்தி, நிறைய கொழுக்கட்டை. ஃபாதருக்கு நாற்காலி, தட்டில் கொழுக்கட்டை. அவர் மூன்று சாப்பிட்டார்.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். நேர்ச்சையை வேறு ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம், ஏழைகளுக்குச் சாப்பாடு போடலாம், இல்லை அடுத்த வருஷம் நடக்கலாம், குருவானவர் என்ற முறையில் அதற்கு நான் அனுமதி தருகிறேன் என்றார்.

செல்வி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "சாமி, கோவிச்சிக்காதீங்க. நான் வேண்டிக்கிட்டப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லம்மா."

"நான் அவுங்ககிட்ட நேரா பேசினேன். நடுவுல ஆள் இல்ல. முடிக்கறப்ப மட்டும் எப்படி நடுவுல ஆள் வரும்?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஃபாதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அம்மா சொல்றது சரிதான் டீச்சர்" என்று நாலாவது கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டார். வக்கீல் வைத்துக்கொண்டு போனேன், அவர் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார்.

தேவிகா வாசலில் வந்து என் செருப்பைத் திருப்பி வைத்தாள். கண் சிவந்திருந்தது. "உனக்கு என்னடி வேணும், அதச் சொல்லு" என்றேன். "ரெண்டும் வேணும் மிஸ்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே காதில்.

28, வியாழன்

இதற்கு வழி கண்டுபிடித்தது ஃபாதரும் இல்லை, நானும் இல்லை. செல்விதான். காலையில் பள்ளி வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், சிதம்பரம் வழியாத்தான் நடக்கறோம்? போட்டியும் சிதம்பரத்துலதான்?"

"ஆமா."

"அப்பறம் என்னா?"

அவர்கள் குழுவுக்குத் தலைவர் செல்வியின் தம்பி கதிர்வேல். செவ்வாய் காலை புறப்பாடு. புதன் சாயங்காலம் சிதம்பரம் போய்விடலாம். வியாழன் காலையில் தேவிகா ஓடி முடிக்கிற வரைக்கும் குழு அங்கே தங்கும். ஓடி முடித்துவிட்டு மீதியை நடப்பாள். சிஸ்டர் ஸ்டாஃப் ரூமிலேயே கை தட்டினார்.

பி.டி. சார் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெறுங்கால்ல தார் ரோட்டுல அவ்வளவு தூரம் நடந்துட்டு வந்து ஓடறதா? மிஸ், கால் பஞ்சாயிரும்."

"வேற வழி இருந்தா சொல்லுங்க சார்."

விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

ஒளியியல் பேப்பர் கொடுத்தேன். தேவிகா நாற்பத்தொன்று. குவிலென்ஸ் படம் சரியாக வரைந்திருக்கிறாள், அம்புக்குறி மட்டும் தலைகீழ்.

30, சனி

நேற்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. ஓயாமல் சர்பத். காவிச் சேலை, காவிச் சட்டை, கையில் ஜெபமாலை, சிலர் தோளில் குழந்தை. மாதா சுரூபம் வைத்த சின்னச் சப்பரத்தைச் சக்கரம் பூட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு சப்பரத்தில் ஸ்பீக்கர், அதில் பாட்டு, காது கிழிகிறது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் டம்ளர் கழுவ முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். போட்டி போட்டுக் கழுவுகிறார்கள். வகுப்பில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால்தான் கை வலி.

பி.டி. சார் தேவிகாவைச் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடவிடுகிறாராம். பாதம் கெட்டிப்படவாம். ரிலே ஓடுகிற பெண்கள் நாலு பேரும் கூடவே ஓடுகிறார்களாம், யாரும் சொல்லாமலே.

செப்டம்பர் 2, செவ்வாய்

புறப்பட்டுவிட்டார்கள். பள்ளி வாசலுக்கு வந்தபோது அசெம்பிளி நேரம். சிஸ்டர் அசெம்பிளியை அப்படியே வாசலுக்குத் திருப்பிவிட்டார். காவிப் பாவாடை சட்டையில் தேவிகாவைப் பார்த்ததும் பிள்ளைகள் "தேவிகா! தேவிகா!" என்று கத்தினார்கள். அவளுக்கு வெட்கம். சர்பத் டம்ளரை வாங்கி மாமாவிடம் கொடுத்துவிட்டாள். கதிர்வேல்தான் சப்பரத்தை இழுக்கிறார். தச்சு வேலை செய்கிறவர். சொந்தச் சப்பரம், நீல பெயின்ட், சைக்கிள் சக்கரம்.

ஷூவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஓடும்போது ஷூ போடலாமா என்று செல்வியைக் கேட்டதற்கு, "ஓடறது நடக்கறதுல சேராதே" என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் சட்டம் இருக்கிறது.

திரும்பிப் பார்க்காமல் போனாள் பெண். மணி அடித்த பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஊருக்குப் போகிற பிள்ளையா என்ன? நாளை மறுநாள் பார்க்கப்போகிறேன்.

3, புதன்

மதியத்திலிருந்து மழை. கனமழை. சாயங்காலம் கதிர்வேல் போன் செய்தார். சப்பரத்தின் அச்சு முறிந்துவிட்டதாம். ஆலப்பாக்கம் தாண்டி முறிந்ததில் பாதி நாள் போய்விட்டது. ஒட்டுப்போட்டு மெதுவாகத் தள்ளிக்கொண்டு பெரியப்பட்டு வரைதான் வர முடிந்தது. இரவு அங்கேயே தங்கல்.

"தேவிகாவையும் அவ அம்மாவையும் மட்டும் முன்னாடி நடக்க வுடுங்களேன்" என்றேன்.

"மாதாவ ரோட்டுல வுட்டுட்டு நாம முன்னாடி போறதா டீச்சர்? ஒண்ணாத்தான் வந்தோம், ஒண்ணாத்தான் போவணும்."

பெரியப்பட்டிலிருந்து சிதம்பரம் வேனில் அரை மணி. நடந்தால் ஒரு காலைப் பொழுது முழுக்க. போட்டி ஒன்பது மணிக்கு. இருட்டோடு புறப்பட்டாலும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டார்கள்.

பி.டி. சாரிடம் சொன்னேன். "வேன்ல ஏத்திருவோம் மிஸ்" என்றார். செல்வி ஏற்ற விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஜெபம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். மாதா படத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. உங்களுக்காக நடக்கிற பிள்ளை, ஒரு அச்சைத் தாங்கிப் பிடிக்க முடியாதா?

4, வியாழன்

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

மழை விட்டிருந்தது. விடிந்ததும் பள்ளி வேன் புறப்பட்டது. ரிலே பெண்கள், குண்டு எறிகிற ஜெனிஃபர், பி.டி. சார், சிஸ்டர், நான். பெரியப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நீலச் சப்பரம் தெரிந்தது. வேனை ஓரம் கட்டச் சொன்னேன்.

செல்வியிடம் என்ன பேசினேன் என்று வரிசையாக நினைவில்லை. நிறையப் பேசினேன். பி.டி. சார் கையெடுத்துக் கும்பிட்டார். சிஸ்டர் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். தேவிகா சப்பரத்தைப் பிடித்தபடி நின்றாள். செல்விக்கும் அழுகை. "எம் பொண்ணு ஓடக் கூடாதுன்னு நானா நெனைக்கறேன்? அவ மூச்சு நின்னு போவுமோன்னு பக்கத்துல படுத்துக் கெடந்தவ டீச்சர் நான். வண்டியில ஏத்திட்டு நாளைக்கி எதாச்சும் ஒண்ணுன்னா நான் யாரப் போய்க் கேப்பேன்?"

கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னாள்: "அவ எடத்துல யாராச்சும் நடந்தா ஆவும். எங்க ஊர்ல உண்டு. புள்ளைக்கி முடியலன்னா தாய்மாமன் நடப்பான்."

மாமன்தான் ஏற்கெனவே நடக்கிறாரே. எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். பி.டி. சார் போட்டிக்கு வேண்டும். சிஸ்டருக்கு முழங்கால் வலி.

"நான் நடக்கறேன்" என்றேன். யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கே ஆட்டோவில் போகிறவள் நான்.

செல்வி என் காலைப் பார்த்தாள். "செருப்பு?"

கழற்றி வேனுக்குள் போட்டேன். தேவிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஏறுடி, நேரமாவுது" என்று தள்ளி ஏற்றிவிட்டேன்.

வேன் போய்விட்டது. காவிக் கூட்டத்தில் பூப்போட்ட சுடிதாரோடு நான் ஒருத்தி.

நடை. முதலில் ஈரத் தார், சுகமாகவே இருந்தது. வெயில் ஏறியதும் தெரிந்தது. ஜல்லி. பஸ் ஹாரன். ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள், நீங்கதானே கிறிஸ்துவங்க என்று. வியாழனுக்குரிய ஒளியின் தேவ ரகசியம் ஐந்தில் நாலாவது எது என்று தடுமாறினேன். செல்வி எடுத்துக் கொடுத்தாள். வெட்கமாகப் போயிற்று. சேற்றில் வழுக்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன். நொண்டிக்கொண்டு வரும்போது ஒரு பெண் கேட்டாள், "டீச்சருக்கு என்ன வேண்டுதலு?" ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை அவள். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்றும் கேட்காமலா என்றாள்.

முட்லூர் பக்கம் வரும்போது போன். சிஸ்டர். ஒரே கூச்சல், ஒன்றும் புரியவில்லை. பிறகு பி.டி. சார் வாங்கிப் பேசினார்.

"செகண்ட் மிஸ்! செகண்ட்!"

கால் வீங்கி ஷூ நுழையவில்லையாம். வெறுங்காலிலேயே ஓடினாளாம். பாதி தூரம் வரை ஆறாவது. கடைசிச் சுற்றில் ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். சேத்தியாத்தோப்புப் பெண் ஒருத்திதான் முன்னால். அவளையும் பிடித்திருப்பாள், கோடு வந்துவிட்டது. சிஸ்டர் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடி நடுவரிடம் திட்டு வாங்கினாராம்.

சத்தமாகச் சொன்னேன். "மரியே வாழ்க" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. கதிர்வேல் துண்டை உதறித் தலைக்கு மேல் சுற்றினார். செல்வி ரோட்டோரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "நடங்க டீச்சர், நின்னா கால் புடிச்சிக்கும்" என்றாள்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கோயில் வளாக வேப்பமரத்தடியில் குழு உட்கார்ந்துவிட்டது. இனி நாளைக் காலைதான் புறப்பாடு என்றார் கதிர்வேல், சப்பரத்துக்குப் புது அச்சு போட வேண்டுமாம். வேன் வந்தது. தேவிகா இறங்கி ஓடி வந்து அம்மா கழுத்தில் மெடலைப் போட்டாள். செல்வி அதைக் கழற்றிச் சப்பரத்தில் மாதா காலடியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

நான் வேனில் ஏறிக் காலைத் தூக்கி சீட்டில் வைத்தேன். கடலூர் போய்ப் படுத்தால் போதும். பார்த்தால் தேவிகாவும் ஏறுகிறாள். பின்னாலேயே செல்வி.

"நீங்க எங்க?"

"பெரியப்பட்டுக்கு மிஸ். வேன் அந்த வழியாத்தான போவுது. நான் வண்டி ஏறுன எடத்துல எறக்கி வுட்டுருங்க. அங்கருந்து நடந்து வந்துடறோம்."

பி.டி. சார் பாய்ந்தார். "ஏய், ஓடிட்டு வந்திருக்கற கால் அது!"

"மெதுவாத்தான் சார் நடப்பேன்."

"இவளைத் தனியா எப்படி வுடறது? அதான் நானும்" என்றாள் செல்வி.

"நீங்க வண்டியில ஏறலாமா அப்ப?" என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகவே.

"பின்னால போறதுக்கு ஏறலாம் டீச்சர். முன்னால போறதுக்குத்தான் ஏறக் கூடாது."

வேன் நகர்ந்து வெள்ளாற்றுப் பாலம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையிலேயே இப்படிச் செய்திருக்கலாமே! வேனில் போய் ஓடிவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து நடந்தால் ஆயிற்று. யாரும் யார் இடத்திலும் நடக்க வேண்டியதே இல்லை. பி.எஸ்சி., பி.எட்., பதினாறு வருஷ சர்வீஸ், ஒரு தலைமையாசிரியை, ஒரு பி.டி. மாஸ்டர். ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஏன்டி, இது உனக்குக் காலையிலேயே தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் மிஸ்."

"சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க செருப்பக் கழட்டிட்டீங்க மிஸ்."

வேன் முழுக்கச் சிரிப்பு. சிஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"அப்ப நான் நடந்தது என்னாத்துக்கு?"

"அது உங்களுது மிஸ். எதாச்சும் வேண்டிக்குங்க."

பெரியப்பட்டில் இறங்கினார்கள். ரோடு முழுக்கக் காவிக் கூட்டம், பயமில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். அவள் லேசாக விந்தினாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வளைவு வரை.

5, வெள்ளி

ஆசிரியர் தினம். மிலாடி நபி விடுமுறை, பள்ளி இல்லை. ஒன்பதாம் வகுப்பு வாட்ஸப்பில் நாற்பது ரோஜாப்பூ அனுப்பியிருக்கிறது.

உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஏ.சி. காரு சொல்லட்டுமா, பாத்ரூம் வரைக்கும்?" என்கிறார்.

கதிர்வேல் போன். நேற்று ராத்திரி ரெண்டு பேரும் சிதம்பரம் வந்துவிட்டார்களாம். இன்று காலை புறப்பட்டு, இப்போது கொள்ளிடம் தாண்டிவிட்டார்களாம். பிள்ளை நல்லா நடக்குது டீச்சர், பாட்டு வேற பாடுது என்றார்.

என்ன வேண்டிக்கொள்வது என்று காலையிலிருந்து யோசனை. சொந்த வீடு இருக்கிறது. அவருக்கு சுகர், அது வேண்டினாலும் போகாது, மைசூர்பாகை நிறுத்தினால் போகும். மாற்றல் வேண்டாம். கேட்க ஆயிரம் இருப்பதுபோல் இருந்தது, உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வாயில் வரவில்லை.

அடுத்த மாதம் அவளுக்கு மாநிலப் போட்டி. மாதாவே, அதற்குள் அந்தப் பிள்ளை கால் ஆறிவிடட்டும். என் கால் மெதுவாக ஆறினால் போதும்.